நேரடி ஏலமா, ஆன்லைன் ஏலமா? கைவிடப்பட்ட ஸ்டோரேஜ் யூனிட் எடுக்க நினைப்பவருக்கு

அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களைப் போட்டுவைக்க வாடகைக்கு விடும் அறைதான் ஸ்டோரேஜ் யூனிட். வாடகை கட்டாமல் கைவிடப்பட்ட யூனிட்டை ஏலத்தில் எடுத்து, உள்ளே இருப்பதைப் பிரித்து விற்பதைப் பலர் பகுதிநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். புதிதாக இறங்குபவர் முதலில் கேட்பது, "எந்த யூனிட்டில் நல்ல சாமான் இருக்கும்?" என்பதுதான். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. வாசலில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிவது ஏறக்குறைய ஒரே காட்சி. கணக்குப் போட்டுப் பதில் காணக்கூடிய கேள்விகள் இரண்டு: எதிரே ஏலம் கேட்பது யார்? அவர்களோடு போட்டி போடும்போது எந்த விலைக்கு மேல் போகக் கூடாது? நேரடி ஏலமா ஆன்லைனா, சின்ன யூனிட்டா பெரிய யூனிட்டா என்பதையெல்லாம் இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்வதுதான் சரி.

ஒரு அடிப்படை விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலத் தொகையிலிருந்து ஸ்டோரேஜ் நிறுவனம் எடுத்துக்கொள்வது வாடகை பாக்கியையும் ஏலச் செலவையும் மட்டும்தான். மிச்சம் பழைய வாடகைதாரருக்குச் சேர வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தப் பணத்தை ஓராண்டு வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் கவுன்ட்டி (மாவட்ட) கருவூலத்தில் கட்டிவிட வேண்டும். ஆகவே யூனிட் 300 டாலருக்குப் போனாலும் 3,000 டாலருக்குப் போனாலும் நிறுவனத்துக்குப் பெரிய லாபமில்லை. அறை சீக்கிரம் காலியாக வேண்டும், அடுத்த ஆளுக்கு வாடகைக்கு விட வேண்டும், அவ்வளவுதான். ஆன்லைனில் போடும் படங்கள் ஏனோதானோவென்று இருப்பதும், காலி செய்யும் கெடுவில் மட்டும் அவர்கள் கறாராக இருப்பதும் இதனால்தான்.

ஏலம் ரத்தாவதும் சகஜம். சுத்தியல் விழும் நிமிடம் வரை வாடகைதாரர் பாக்கியைக் கட்டிப் பூட்டைத் திறந்துகொள்ளலாம். பட்டியலில் ஆறு யூனிட் இருக்கிறதே என்று காலையில் கிளம்பினால், போய்ச் சேரும்போது இரண்டுதான் மிஞ்சியிருக்கும். ராணுவப் பணியில் இருப்பவரின் யூனிட்டை, பணிக்காலத்திலும் அது முடிந்த 90 நாள் வரையிலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஏலம் விடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. கடைசி நேர ரத்துக்கு அதுவும் ஒரு காரணம். கிளம்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் பெட்ரோல் மிச்சம்.

நேரடி ஏலத்தில் என்ன கிடைக்கிறது

வந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்கிறார்கள். ஏலம் விடுபவர் விதிகளைப் படிக்கிறார். பிறகு யூனிட் யூனிட்டாக நடை. சாதாரணப் பூட்டை போல்ட் கட்டர் கொண்டு வெட்டிவிடுவார்கள். வட்டமான டிஸ்க் பூட்டாக இருந்தால் கிரைண்டர் வேண்டும். ஷட்டர் ஏறியதும் வரிசையாக வந்து பார்க்கச் சொல்வார்கள். வாசல் கோட்டைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது. மொத்தக் கூட்டத்துக்கும் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்துக்குள் டார்ச் அடித்துத் தரையிலிருந்து கூரை வரை பார்த்துவிட வேண்டும். செல்போன் வெளிச்சம் பின்சுவர் வரை எட்டாது.

எதைப் பார்ப்பது? முதலில் தரையை. வாசலை ஒட்டித் தூசியில் புதிதாக இழுத்த தடம் இருந்தால், வாடகைதாரர் அண்மையில் வந்து ஏதோ கனமான ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுப் போன யூனிட் அது. அட்டைப் பெட்டிகளின் அடிப்பகுதி வீங்கித் தொங்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரே அளவுப் பெட்டிகள், டேப் ஒட்டி மேலே 'கிச்சன்', 'டைனிங்' என்று எழுதியிருந்தால் அது ஒழுங்காகக் கட்டிய வீடு. பெரும்பாலும் முழுதாக இருக்கும். கறுப்புக் குப்பைப் பைகள் என்றால் துணிமணி, இல்லாவிட்டால் குப்பையேதான். முன்னால் நிமிர்த்தி வைத்த மெத்தையைப் பார்த்து, அதன் பின்னால் புதையல் இருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பாதி நேரம் அங்கே வெறும் இடம்தான்.

நேரில் போவதால் கிடைக்கும் பெரிய லாபம் மூக்கு. ஷட்டர் திறந்த முதல் அரை நிமிடத்தில் வெளியே வரும் காற்று எல்லாப் படங்களையும்விட அதிகம் சொல்லும். பூஞ்சை வாடை இருந்தால் சோபா, புத்தகம், துணி மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். எலி வாடை, பூனை மூத்திர வாடைக்கும் அதே தீர்ப்பு. ஹூஸ்டன், ஃபுளோரிடா மாதிரி புழுக்கமான இடங்களில் குளிரூட்டாத யூனிட் என்றால் இதுதான் முதல் சோதனை.

அடுத்த லாபம், போட்டியாளரின் முகம். வருபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. செகண்ட் ஹேண்ட் கடை வைத்திருப்பவருக்கு அலமாரியும் ஆளும் ஏற்கெனவே இருப்பதால், உங்களைவிட அதிகம் கொடுத்தும் அவர் லாபம் பார்ப்பார். ஆனால் தன் விலை வந்ததும் சத்தமில்லாமல் விலகிவிடுவார். ஃப்ளீ மார்க்கெட்டில் (பழைய சாமான் சந்தையில்) கடை போடுபவருக்கு இந்த வார இறுதிக்குச் சரக்கு வேண்டும். கருவிகள், சமையல் சாமான்கள், பொம்மைகள் கண்ணில் பட்டால் விட மாட்டார். ஒரே பொருளுக்காக வருபவர் ஒருவர் இருப்பார். பழைய இசைத்தட்டுப் பெட்டியோ மெக்கானிக்கின் டூல் செஸ்ட்டோ தெரிந்துவிட்டால் மீதி அறைக்குச் சேர்த்தே விலை கொடுப்பார். அவரோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. அப்புறம் டிவி பார்த்துவிட்டு வந்தவர்கள். 2010 டிசம்பரில் 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சி தொடங்கிய பிறகு இந்த ஏலங்களில் கூட்டம் பெருத்தது, விலையும் ஏறியது. சாமான்களைத் தயாரிப்பாளர்களே முன்கூட்டி உள்ளே வைக்கிறார்கள் என்று, அதில் தோன்றிய ஏலதாரர் ஒருவரே 2012-ல் வழக்குப் போட்டார். அந்தச் செய்தி நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் எல்லாரையும் போய்ச் சேரவில்லை போலும்.

நேரடி ஏலம் பெரும்பாலும் சுற்று முறையில் நடக்கும். ஏலம் விடுபவர் காலையில் ஒரு இடத்தில் தொடங்கி, ஐந்தாறு இடங்கள் போய் மாலையில் முடிப்பார். கூட்டமும் பின்னாலேயே போகும். முதல் இரண்டு இடங்களில் எல்லாருடைய பையிலும் பணம் இருக்கும், வண்டியும் காலியாக இருக்கும். பிற்பகலில் பலர் ஏற்கெனவே எடுத்ததைக் காலி செய்யப் போயிருப்பார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி இரண்டு இடங்களுக்காகக் காத்திருப்பது, இந்த முறையில் எளிதான ஒரு சாதகம். காலை ஏலத்தை வேடிக்கை மட்டும் பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஏலம் நடப்பது வார நாளில். பகல் முழுவதும் போய்விடும். பணம் பெரும்பாலும் ரொக்கம். சூடேற்றுவதற்கென்றே தந்திரங்கள் நடக்கும். ஒருவர் 100-லிருந்து ஒரே தாவாக 300 கேட்டு மிரட்டுவார். இன்னொருவர் தனக்கு வேண்டாத யூனிட்டிலும் உங்கள் விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் கழன்றுகொள்வார். உங்கள் பணம் காலியானால் அடுத்த யூனிட்டில் ஒரு போட்டி குறையும் என்பது அவர் கணக்கு. வேறொருவர் வாசலில் நின்று, "எல்லாம் குப்பை" என்று சத்தமாகச் சொல்வார். அவரே ஏலமும் கேட்பார். இதில் எதுவும் குற்றமில்லை. ஆனால் 'நீ இதைக் கேட்காதே, நான் அதைக் கேட்கவில்லை' என்று சிண்டிகேட் போட்டால் கூட்டாட்சிப் போட்டிச் சட்டப்படி குற்றம். வட கலிஃபோர்னியாவில் கடனில் மூழ்கிய வீடுகளின் ஏலத்தில் இப்படிக் கூட்டுச் சேர்ந்தவர்கள் பலர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். யாராவது காபி வாங்கிக் கொடுத்து இப்படிப் பேச்சைத் தொடங்கினால் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் என்ன மாறுகிறது

2020 கொரோனா காலத்துக்குப் பிறகு பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் ஆன்லைன் ஏலத்துக்கு மாறிவிட்டன. ஸ்டோரேஜ் ட்ரெஷர்ஸ் போன்ற தளங்களில் மேலாளர் எடுத்த சில படங்கள், முடியும் நேரம், இப்போதைய விலை எல்லாம் இருக்கும். வாடை தெரியாது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் முன்வரிசை மட்டும் பளிச்சென்று, பின்னால் இருட்டாக இருக்கும். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்து நிமிட டார்ச் வெளிச்சத்தில் தவறவிடும் பெட்டி எழுத்து, கருவியின் பிராண்ட், மருந்துக் கடைப் பை எல்லாம் இதில் அகப்படும்.

போட்டி இங்கே முகமற்றது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியும். யார் என்று தெரியாது. நேரடி ஏலத்துக்கு இருபது பேர் வருவார்கள் என்றால், இங்கே சோபாவில் படுத்தபடி நூறு மைல் தொலைவில் இருப்பவரும் கேட்கலாம். அவருக்கு லாரி வாடகை நினைவுக்கு வருவது ஜெயித்த பிறகுதான். இதனால் ஆன்லைனில் அசட்டு விலைகள் அடிக்கடி விழும்.

கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் உத்தி பெரும்பாலும் பலிக்காது. கடைசிச் சில நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் முடியும் நேரம் தானாகத் தள்ளிப்போகும்படி பல தளங்கள் அமைத்திருக்கின்றன. முதல் நாளே உச்ச விலையைப் போட்டுவைப்பதும் தவறு. ஐந்து ஐந்து டாலராகக் கேட்டு உங்கள் உச்சம் எங்கே இருக்கிறது என்று துழாவுபவர்கள் இருக்கிறார்கள். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது உங்கள் உச்சத்தை ஒரே தடவை போடுங்கள். 375 என்று ரவுண்டாகப் போடாமல் 377 போடலாம். ரவுண்டான எண்ணில் நிற்பவரை அது தாண்டும். அதன் பிறகு திரையை மூடிவிடுங்கள். 'இன்னும் பத்து டாலர்தானே' என்ற எண்ணம் கைவசம் திரை இருக்கும்போது மட்டுமே வரும்.

செலவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆன்லைன் தளங்கள் ஏல விலைக்கு மேல் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் பிடிக்கும். 10, 15 சதவீதம் என்று தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் கேட்பதற்கு முன் விதிமுறையில் பார்த்துவிடுங்கள். நேரடி ஏலத்தில் பெரும்பாலும் இது இல்லை. ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் விட்டால் அபராதம் வரும், கணக்கும் முடக்கப்படும்.

சீல் வைத்த உறையில் விலை எழுதிக் கொடுக்கும் முறை சில சின்ன இடங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே முகமும் தெரியாது, மற்றவர் கேட்கும் விலையும் தெரியாது. தொடக்கக்காரர் அதைத் தொட வேண்டாம்.

ஜெயித்தவருக்கு விழும் அடி

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று அட்லான்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும் 1971-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். எல்லாரும் ஒரே பொருளை அரைகுறைத் தகவலோடு மதிப்பிடும்போது, சராசரி மதிப்பீடு சரியாக இருந்தாலும், ஜெயிப்பவர் கூடுதலாக மதிப்பிட்டவர்தான். போட்டியாளர் எண்ணிக்கை கூடக் கூட, ஜெயித்தவரின் தப்புக்கணக்கும் கூடும். இத்தகைய ஏலங்களை ஆராய்ந்த ராபர்ட் வில்சன், பால் மில்குரோமுடன் சேர்ந்து 2020-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

ஸ்டோரேஜ் ஏலம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. நடைமுறையில் இரண்டு விஷயம். ஆள் அதிகம் என்றால் உங்கள் உச்சத்தைக் குறைக்க வேண்டும். போட்டி பலமாக இருக்கிறதே என்று ஏற்றக் கூடாது. இரண்டாவது, நேரடி ஏலத்தில் மற்றவர்கள் எந்த விலையில் விலகுகிறார்கள் என்பது இலவசமாகக் கிடைக்கும் தகவல். கடைக்காரரும் ஃப்ளீ மார்க்கெட்காரரும் 150-லேயே கையை இறக்கிவிட்டு, நீங்களும் இன்னொரு புதியவரும் மட்டும் 400 வரை ஏறிக்கொண்டிருந்தால், ஏலம் விடுபவர் 'மூன்று தரம்' சொல்வதற்குள் விட்டுவிடுங்கள். ஆன்லைனில் இந்தத் தகவல் கிடைக்காது. என் பார்வையில் இரண்டு முறைகளுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

உச்ச விலை போடும் விதம்

விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு மட்டும் விலை போடுங்கள். மூடிய பெட்டிக்குப் பூஜ்யம். ஒரு 10க்கு 10 அடி யூனிட்டில், குறைத்து மதிப்பிட்டு 1,100 டாலர் வரும் என்று வைப்போம். விற்பனைக் கட்டணத்துக்கு 88 கழியுங்கள். ஈபேயில் பல வகைகளுக்குச் சுமார் 13 சதவீதம் போகும், பக்கத்து ஊர்க்காரருக்கு நேரில் விற்றால் ஒன்றும் போகாது. சராசரியாக 8 சதவீதம். லாரி வாடகை, மைல் கட்டணம், பெட்ரோல், காப்பீடு எல்லாம் சேர்த்து 110. குப்பைக் கிடங்குக் கட்டணம் 60. உதவிக்கு இரண்டு பேர், நான்கு மணி நேரம், மணிக்கு 20 டாலர் என்றால் 160. உங்கள் உழைப்புக்கும் அபாயத்துக்கும் குறைந்தது 250. மிச்சம் 432.

நேரடி ஏலத்தில் உங்கள் உச்சம் 430. ஆன்லைனில் 15 சதவீதக் கட்டணம் என்றால் 432-ஐ 1.15-ஆல் வகுக்க வேண்டும்: 375. ஒரே அறைக்கு 55 டாலர் வித்தியாசம். விற்பனை வரி இதில் இல்லை, மறுவிற்பனைச் சான்று (விற்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்ற சான்று) கொடுத்தால் அது விழாது என்பதால். சான்று இல்லாமல் டெக்சஸில் எடுத்தால் வரி 8.25 சதவீதம் வரை போகும். சுத்தம் செய்வதற்கான முன்பணம் 50 முதல் 100 டாலர், பெருக்கிக் காலியாக ஒப்படைத்தால் திரும்பி வரும். ஆனால் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டிய பணம் அது.

அளவு

5க்கு 10 யூனிட்டைப் பிக்கப் வண்டி வைத்திருப்பவர் இரண்டு மூன்று நடையில் முடித்துவிடலாம். ஆனால் விலை கம்மி என்பதால் புதியவர் கூட்டம் இங்கேதான் மொய்க்கும், அதனால் பொருளோடு ஒப்பிடும்போது விலை ஏறிவிடும். 10க்கு 10 யூனிட், ஐந்தடி உயரம் வரை நிரம்பியிருந்தால் 500 கன அடி. 10 அடி வாடகை லாரியில் கொள்வது சுமார் 400 கன அடி, 15 அடி லாரியில் சுமார் 760. அதனால் 15 அடியை எடுத்து ஒரே நடையில் முடிப்பது லாபம். 10க்கு 20, 10க்கு 30 யூனிட்டுகளுக்குப் புதியவர்கள் பயப்படுவார்கள். போட்டி குறையும், ஆனால் மிஞ்சுபவர்கள் அத்தனை பேரும் சொந்த லாரியும் கிடங்கும் உள்ளவர்கள். அவர்களுக்குக் குப்பை ஒரு செலவே இல்லை. உங்களுக்கு அதுவே லாபத்தைத் தின்னும். தொடக்கத்துக்கு 10க்கு 10 சரியான இடம். லாரி வேண்டும் என்பதால் ஒரு பகுதிக் கூட்டம் விலகும், ஒரு சனிக்கிழமையில் வேலையும் முடியும்.

காலி செய்யக் கெடு 24 முதல் 72 மணி நேரம். ஜெயித்த கையோடு உங்கள் பூட்டைப் போட வேண்டும். இரண்டு டிஸ்க் பூட்டு வண்டியிலேயே இருக்கட்டும். ஸ்டோரேஜ் நிறுவனத்தின் குப்பைத் தொட்டியில் எதையும் போடக் கூடாது. போட்டால் முன்பணம் போச்சு, அடுத்த ஏலத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

உள்ளே இருந்து வரும் தலைவலி

குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், அஸ்திக் கலசம் போன்றவற்றை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒப்படைத்துவிடுங்கள். டாக்டர் சீட்டு மருந்துகளை விற்பது குற்றம். துப்பாக்கி கிடைத்தால் கையில் எடுக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். பெயின்ட், பழைய ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றைச் சாதாரணக் குப்பைக் கிடங்கில் வாங்க மாட்டார்கள், தனி இடம் தேட வேண்டும். மெத்தை, சோபாவின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. துணிகளை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மெத்தையை விட்டுத்தள்ளுங்கள்.

ஏலத்துக்கு முன் நிறுவனம் கொடுத்த நோட்டீஸில் குறை இருந்தது என்று பழைய வாடகைதாரர் சண்டைக்கு வந்தால்? நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குப் பொருள் சொந்தம் என்று கலிஃபோர்னியச் சட்டம் சொல்கிறது. சண்டை பழைய வாடகைதாரருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே. ஆனால் பொருள் சொந்தமானால் எல்லாம் சொந்தமாகிவிடாது. சிகாகோவில் 2007-ல் வாடகை பாக்கிக்காக ஏலம் போன ஒரு லாக்கரில் இருந்து விவியன் மையர் என்ற புகைப்படக்காரர் எடுத்த ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் வெளியே வந்தன. அதுவரை அவரைக் கேள்விப்பட்டவர் இல்லை; 2009-ல் அவர் இறந்த பிறகு உலகப் புகழ் வந்தது. நெகட்டிவ் வாங்கியவர்களிடம் இருந்தது நெகட்டிவ் மட்டுமே. பதிப்புரிமை அவருடைய சொத்து வாரிசுக்கு உரியது என்று பல ஆண்டு வழக்கு ஓடியது. கையெழுத்துப் பிரதியோ, படமோ, ஒலிநாடாவோ கிடைத்தால் பொருளாக விற்கலாம். அச்சடித்து விற்க முடியாது.

யாருக்கு எது

வார நாளில் ஒரு பகல் ஒழியும், பிக்கப் இருக்கிறது, ரொக்கமாக 600 டாலர் போடலாம் என்றால் நேரடி ஏலம்தான். முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் கையைத் தூக்காமல் முகங்களைப் படித்துவிட்டு, பிற்பகல் யூனிட்டுகளில் தொடங்குங்கள். அலுவலகம் போகிறவருக்கு ஆன்லைன்தான் வழி. வீட்டிலிருந்து 15 மைல் வட்டத்தைத் தாண்ட வேண்டாம். குளிரூட்டிய யூனிட்டுகளை மட்டும் பாருங்கள். வாடை தெரியாத குறையை அது ஓரளவு ஈடுகட்டும். உங்கள் ஊரில் நேரடி ஏலத்துக்கு ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால், அடுத்த சிற்றூரில் நடக்கும் ஏலத்தைத் தேடுங்கள். ஆள் குறைந்த இடத்தில் சுமாரான யூனிட் எடுப்பது, கூட்டத்தில் நல்ல யூனிட் எடுப்பதைவிடப் பெரும்பாலும் மேல்.

மறுவிற்பனைச் சான்றுக்காக, முதல் ஏலத்துக்கு முன்பே மாநில விற்பனை வரித் துறையில் அனுமதி எண் வாங்கிவிடுங்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதற்குக் கட்டணம் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் அதற்கும் முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். அந்த விசாவில் ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வாரம்தோறும் யூனிட் எடுத்து விற்பது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம், 50 டாலர் லாபம் வந்தாலும் சரி, நஷ்டமே வந்தாலும் சரி.